ஜோராசாங்கோ மாளிகையில் ஒரு குடிசை

கல்கத்தா என நெடுங்காலம் வழங்கி, 2001 ஆம் ஆண்டு முதல் கொல்கத்தா எனப் பெயர் பெற்ற மாநகரின் வட பகுதியில், பழைய சித்பூர் சாலையிலிருந்து ஒரு குறுகிய சந்து பிரிந்து செல்கிறது. சாலையின் இருமருங்கும் இசைக்கருவிக் கடைகளும், ஜாத்ரா என்னும் நாட்டுக்கூத்துக் குழுக்களின் அலுவலகங்களும் நெருங்கி நிற்கும். அவற்றின் ஆரவாரத்தைக் கடந்து சந்துக்குள் திரும்பினால், செந்நிறம் பூண்ட பெரியதொரு மாளிகை கண்ணிற்படுகிறது. மகாகவி ரவீந்திரநாத தாகூர் 1861 ஆம் ஆண்டு மே மாதம் 7 ஆம் நாள் பிறந்ததும், 1941 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 7 ஆம் நாள் கண்மூடியதும் அங்கேதான். கொல்கத்தாவில் குடியேறி வாழும் தமிழர்கள் பெரும்பாலும் நகரின் தென்பகுதியில் இருப்பவர்கள். ஊரிலிருந்து உற்றார் வரும்பொழுது, காளிகட்டத்தையும் தட்சிணேசுவரத்தையும் காட்டுவதுபோலவே இந்த மாளிகையையும் அவர்கள் காட்டுவதுண்டு.

மாளிகையைக் காண வருவோர் கவிஞர் பிறந்த இடத்தையும், இறுதி மூச்சு விட்ட அறையையும் கண்டு வணங்கித் திரும்புகின்றனர். ஆயினும், அங்கே ஒரு காலத்தில் மூங்கிலும் வைக்கோலும் கொண்டு ஒரு குடிசை எழும்பி நின்றதும், நாட்டின் பெருந்தலைவர்கள் அதன் எதிரே அமர்ந்து அதைக் கண்டதும் பலருக்குத் தெரியாது. அக்குடிசை ஒரு நாடகத்திற்காக அமைந்தது, அமைத்தவர்கள் ஓவியர்கள். நாடகத்தின் பொருளை ஓவியர் கண்கொண்டு பார்த்து, அதனை ஓர் அறை முழுவதும் விரித்துக் காட்டிய கலைக்காட்சி என்று அதனைச் சொல்லலாம். ஆனால் அந்தக் காட்சியில் குடிசை தீட்டிய திரையாகத் தொங்கவில்லை. அது ஏன் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜோராசாங்கோ என்ற சொல்லுக்கு இரட்டைப் பாலம் என்பது பொருள். 1784 ஆம் ஆண்டில் நீல்மணி தாகூர் அங்கே குடியேறினார். அவருடைய வழித்தோன்றலாகிய துவாரகநாதர் பெருவணிகராகிச் செல்வத்தைப் பெருக்கினார். துவாரகநாதரின் மைந்தர் தேவேந்திரநாதர் பிரம்ம சமாஜத்தின் தலைவராகி அருளைத் தேடினார். தேவேந்திரநாதரின் மைந்தரே ரவீந்திரநாதர். குடும்பம் விரிந்தபொழுது மாளிகையும் இரண்டாயிற்று. தேவேந்திரநாதரின் வழியினர் 6 ஆம் எண் வீட்டிலும், அவருடைய தம்பி கிரீந்திரநாதரின் வழியினர் 5 ஆம் எண் வீட்டிலும் வாழ்ந்தனர். கிரீந்திரநாதரின் பேரர்களே, இந்திய ஓவியத்தின் மறுமலர்ச்சிக்கு வித்திட்ட ககனேந்திரநாதரும் அபனீந்திரநாதரும். ரவீந்திரநாதர் அவர்களுக்குச் சிற்றப்பா முறை. 5 ஆம் எண் வீட்டின் தெற்குத் தாழ்வாரத்தில் அமர்ந்துதான் இவ்விருவரும் தீட்டினர், மாணவர்களுக்குக் கற்பித்தனர். கவிதை ஒரு வீட்டிலும் ஓவியம் மறு வீட்டிலுமாக, ஒரே முற்றத்தின் காற்றைச் சுவாசித்து வளர்ந்தன.

இத்தனை பெரிய மாளிகையில் ரவீந்திரநாதரின் இளமை சிறைவாசம் போலவே கழிந்தது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வேலைக்காரர்களிடம் இருந்தது. சியாம் என்னும் ஏவலாளன் சிறுவனை ஓரிடத்தில் உட்காரவைத்து, சுற்றிலும் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு வரைந்து, அதனைத் தாண்டினால் பெருந்தீங்கு நேரும் என்று அச்சுறுத்திவிட்டுப் போவானாம். இலக்குவன் இட்ட கோட்டைத் தாண்டிய சீதைக்கு நேர்ந்த துன்பத்தை இராமாயணத்தில் படித்திருந்த சிறுவன், அசையாமல் அமர்ந்திருப்பான். அந்தக் கோடு நம் கம்பநாடரின் காவியத்தில் இல்லை; அங்கே இராவணன் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுத்துச் செல்கிறான். வங்காளத்துக் கிருத்திவாசரின் இராமாயணத்தில் அக்கோடு உண்டு. ஒரு தேசத்துக் குழந்தையை ஒரு காவியத்தின் கோடு கட்டிப்போட்டது. அவனுக்கு எஞ்சியது ஒரு சன்னல் மட்டுமே. அதன் கீழே ஒரு குளம். குளக்கரையில் ஓர் ஆலமரம். யார் யார் நீராட வருகிறார்கள், எப்படி மூழ்கி எழுகிறார்கள் என்று பொழுதெல்லாம் பார்த்திருந்ததை அவர் தம் வாழ்க்கை நினைவுகளில் விரிவாக எழுதியிருக்கிறார். 1912 ஆம் ஆண்டில் வெளிவந்த அந்நூலுக்குக் கருமையால் சித்திரம் தீட்டியவர் ககனேந்திரநாதரே. ஆகவே, அந்தச் சன்னலை நாடகத்திற்கு முன்பே அந்த ஓவியர் அறிந்திருந்தார் என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

1902 ஆம் ஆண்டு முதல் கவிஞரின் இல்லத்தில் சாவு தொடர்ந்து நுழைந்தது. அவ்வாண்டில் மனைவியும், 1903 இல் இரண்டாம் மகளும், 1905 இல் தந்தையும், 1907 இல் இளைய மைந்தனும் மறைந்தனர். இத்துயரங்களுக்குப் பின்னர், 1911 ஆம் ஆண்டில் அவர் எழுதிய சிறு நாடகமே 'டாக்கர்'. தமிழில் 'தபால் நிலையம்' என்று அதனைச் சொல்லலாம்.

அதன் கதை மிக எளிது. அமல் என்னும் அநாதைச் சிறுவனை மாதவன் என்பவன் எடுத்து வளர்க்கிறான். சிறுவனுக்கு நோய். வெயிலும் காற்றும் படக்கூடாது என்று வைத்தியர் கட்டளையிட்டுவிடுகிறார். சிறுவன் சன்னலருகே அமர்ந்து, வழியே போவாரையெல்லாம் அழைத்துப் பேசுகிறான். தயிர்க்காரன் வருகிறான், அவனைப்போல் தயிர் விற்கக் கற்கவேண்டும் என்பது சிறுவனின் ஆசை. காவற்காரன் வருகிறான், பூக்காரியின் மகள் சுதா வருகிறாள். பக்கிரி வேடம் பூண்ட ஒரு முதியவர் வந்து, கிளிகள் வாழும் தீவொன்றைப் பற்றிக் கதை சொல்லுகிறார். எதிரே அரசனின் தபால் நிலையம் புதிதாக ஏற்பட்டிருக்கிறது. அரசனிடமிருந்து தனக்கும் ஒரு கடிதம் வரும் என்று சிறுவன் நம்புகிறான். ஊர்த் தலைவன் ஏளனமாக ஒரு வெற்றுத்தாளைக் காட்டி, இதுவே அரசனின் மடல் என்கிறான். ஏளனம் மெய்யாகிவிடுகிறது. அரசனின் தூதன் வருகிறான். அரசனின் வைத்தியர் வந்து கதவுகளையும் சன்னல்களையும் திறக்கச் சொல்லுகிறார். விண்மீன்களின் ஒளி உள்ளே வர, சிறுவன் உறங்கிப்போகிறான். மலருடன் வந்த சுதாவின் அன்போடு திரை விழுகிறது. அந்த உறக்கம் சாவா, விடுதலையா என்பதைக் காண்போரின் உள்ளமே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

அயர்லாந்தின் டப்ளின் நகரத்து ஆபி நாடக அரங்கில் இந்நாடகம் 1913 ஆம் ஆண்டிலேயே ஆங்கிலத்தில் நடிக்கப்பெற்றது. கவிஞரின் சொந்த மாளிகையில், அவர் முன்னிலையில், அவரே நடிக்க அது மேடையேறியது 1917 ஆம் ஆண்டில்.

இங்கேதான் ஒரு சிக்கல் எழுகிறது. தாகூர் மாளிகையில் நாடகம் புதிதன்று. 1881 ஆம் ஆண்டில் அங்கே நடந்த 'வால்மீகி பிரதிபா' என்னும் இசை நாடகத்தில் ரவீந்திரநாதரே வால்மீகியாக நடித்தார். அந்நாடகம் பின்னர் மீண்டும் நடந்தபொழுது, மேடையில் மரக்கிளைகளை நட்டும், மழை பொழிவதுபோல் காட்டியும் காண்போரை வியப்பில் ஆழ்த்தினர். அக்காலத்துக் கல்கத்தா நாடக மேடைகளோ, ஐரோப்பிய முறையைப் பின்பற்றி, மலையும் அரண்மனையும் வீதியும் தீட்டிய திரைகளைத் தொங்கவிட்டன. இவற்றையெல்லாம் கண்டு வளர்ந்த ரவீந்திரநாதர், 1902 ஆம் ஆண்டில் நாடக மேடையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, தீட்டிய திரைகளே வேண்டாம் என்று வாதிட்டார். காண்போனுக்குக் கற்பனை உண்டு. காட்டை அவன் தன் உள்ளத்தில் எழுப்பிக்கொள்வான். துணியில் எழுதிய காடு அவனை அறியாக் குழந்தையாக நடத்துகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். நம் ஊர்த் தெருக்கூத்தைப் போன்றதே வங்காளத்து ஜாத்ரா. அதில் திரையும் இல்லை, காட்சிச் சித்திரமும் இல்லை. கூத்தனுக்கும் காண்போருக்கும் இடையே ஒருவரையொருவர் நம்பும் நம்பிக்கை மட்டுமே உண்டு. அந்த நம்பிக்கையைத்தான் கவிஞர் விரும்பினார்.

தீட்டிய திரை வேண்டாம் என்ற கவிஞரின் நாடகத்திற்கு, தீட்டுவதையே வாழ்வாகக் கொண்டவர்கள் மேடை அமைக்க நேர்ந்தது. அவர்கள் என் செய்வார்கள்?

அவர்கள் கூடிய இடத்தின் பெயர் விசித்ரா. ரவீந்திரநாதருக்காக 1897 ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற செங்கல் வீட்டில், 1915 ஆம் ஆண்டையொட்டி அப்பெயரில் ஒரு கலைக்கழகம் தொடங்கியது. கவிஞரின் மைந்தர் ரதீந்திரநாதர் அதனை நடத்த உதவினார். அபனீந்திரநாதரின் மாணவர்களாகிய நந்தலால் வசுவும் அசித் குமார் ஹல்தாரும் அங்கே பணியாற்றினர். 1916 ஆம் ஆண்டில் ஜப்பானுக்குச் சென்ற ரவீந்திரநாதர், அங்கே பெருந்திரைகளில் தீட்டிய ஓவியங்களைக் கண்டு உள்ளம் உருகினார். ஜப்பானியர் இல்லங்களில் ஓர் அறையில் ஒரே ஓவியத்தை மட்டும் தொங்கவிட்டு, மற்ற இடத்தை வெறுமையாக விடும் வழக்கமும் அவரைக் கவர்ந்தது. வங்காளத்து ஓவியர்கள் சிறு தாள்களை விட்டுப் பெரிய வெளிக்கு வரவேண்டும் என்று அவர் கடிதம் எழுதினார். அராய் கம்போ என்னும் ஜப்பானிய ஓவியரையும் விசித்ராவுக்கு வரவழைத்தார். ஆகவே 1917 ஆம் ஆண்டில் அவ்வீட்டு ஓவியர்களின் முன்னே நின்ற கேள்வி, எதைத் தீட்டுவது என்பது மட்டுமன்று. எதைத் தீட்டாமல் விடுவது என்பதுமாகும்.

அவர்கள் குடிசையைத் தீட்டவில்லை, குடிசையைக் கட்டினர். விசித்ராவின் கூடத்தில் மூங்கிலும் வைக்கோலும் கொண்டு உண்மையான கூரை வேய்ந்தனர். வங்காளத்துக் கிராமத்தில் யாரும் காணக்கூடிய சிறு வீடு அது. அதனுள்ளே ஒரு சன்னல், சன்னலருகே சிறுவன். சாந்திநிகேதனத்துப் பள்ளி மாணவனாகிய ஆசாமுகுல் அமலாக நடித்தான். ககனேந்திரநாதர் மாதவனாகவும், அபனீந்திரநாதர் வைத்தியராகவும் தோன்றினர். ரவீந்திரநாதர் முதியவராக வந்து, கிளித்தீவின் கதையைச் சொன்னார். ஓவியர்கள் மேடையை அமைத்ததோடு நில்லாமல், தாம் அமைத்த சித்திரத்திற்குள் தாமே புகுந்துகொண்டனர்.

மேடை முடிந்த பின்னர் அபனீந்திரநாதர் அதனைப் பார்வையிட்டார். எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. ஆயினும் ஏதோ ஒன்று குறைவதாக அவருக்குத் தோன்றியது. கிளி அமர்வதற்கான பித்தளைக் கோல் ஒன்றை வரவழைத்துக் குடிசையில் தொங்கவிடச் செய்தார். கோலில் கிளி இல்லை. இருந்த பறவை பறந்துபோய்விட்டது. கோல் மட்டும் தொங்குகிறது. முதுமையில் தம் வீட்டுக் கதைகளைச் சொல்லிவந்தபொழுது, இதையும் அவர் நினைவுகூர்ந்தார்.

அந்த வெறுங்கோலைச் சற்று எண்ணிப்பார்ப்போம். கிளித்தீவுக்குப் போக விழையும் சிறுவனின் வீட்டில், கிளியில்லாத கோல். நாடகத்தின் இறுதியில் நிகழப்போவதனைத்தையும் அது தொடக்கத்திலேயே ஒரு சொல்லும் இன்றிச் சொல்லிவிடுகிறது. ஆனால் முடிவு தெரியாதவனுக்கு, ஏழை வீட்டில் கிடக்கும் ஒரு பழம்பொருளாகவே அது தோன்றும். உயிர் பிரிந்தது என்று பார்ப்போர் பார்க்கலாம். கூண்டு திறந்தது என்று பார்ப்போரும் பார்க்கலாம். காண்போனின் கற்பனைக்கு இடம் விடவேண்டும் என்று கவிஞர் 1902 ஆம் ஆண்டில் கேட்டார். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னர், ஓர் ஓவியர் தூரிகையைத் தொடாமலே அதற்கு விடை தந்தார். திரையில் ஓராயிரம் பறவைகளை எழுதியிருந்தாலும், இல்லாத அந்த ஒரு பறவைக்கு அவை ஈடாகா.

நாடகம் பலமுறை நடைபெற்றது. 1917 ஆம் ஆண்டு டிசம்பரில் கல்கத்தாவில் காங்கிரஸ் மகாசபை கூடியது. அதற்குத் தலைமை வகித்தவர், சென்னை அடையாற்றிலிருந்து வந்த அன்னி பெசன்ட் அம்மையார். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் சென்னை அரசாங்கம் அவரை உதகமண்டலத்தில் காவலில் வைத்துச் செப்டம்பரில் விடுவித்திருந்தது. அவர் தலைமை ஏற்க வேண்டும் என்று வங்காளத்தில் குரல் கொடுத்தவர்களுள் ரவீந்திரநாதரும் ஒருவர். மாநாட்டையொட்டி விசித்ராவில் நடந்த நாடகத்தைக் காண அம்மையாரும், திலகரும், மாளவியாவும், காந்தியடிகளும் வந்தனர். சில மாதங்களுக்கு முன்பு வரை காவலில் இருந்தவர் ஒருவர்; பர்மாவின் மாந்தலையில் ஆறாண்டுகள் சிறையிருந்து 1914 ஆம் ஆண்டில் மீண்டவர் மற்றொருவர். அடைபட்ட சிறுவன் ஒருவன் சன்னல் வழியே உலகைக் காணும் நாடகத்தை, அடைபட்டிருந்து மீண்டவர்கள் கண்டனர்.

மேடைமேல் கதை சொன்ன முதியவருக்கோ வேறொரு சுமை இருந்தது. அவருடைய மூத்த மகள் மாதுரிலதா காசநோயுற்றிருந்தார். நோய்ப்படுக்கையில் கிடந்த மகளை அவர் கல்கத்தாவிலேயே சென்று கண்டுவந்தார். 1918 ஆம் ஆண்டு மே மாதத்தில் அம்மகளும் மறைந்தார். நோயுற்ற குழந்தையின் அருகே அமர்ந்து கதை சொல்லும் முதியவர் வேடம், அன்று அவருக்கு வேடமாக மட்டும் இருந்திருக்க இயலாது.

மாளிகைக்குள் குடிசை கட்டிய அந்தச் செயல் ஓவியர்களோடு தொடர்ந்து சென்றது. நந்தலால் வசு பின்னர் சாந்திநிகேதனத்துக் கலாபவனத்தின் தலைவரானார். 1936 ஆம் ஆண்டில் பைஸ்பூர் கிராமத்திலும், 1938 ஆம் ஆண்டில் ஹரிபுராவிலும் காங்கிரஸ் கூடியபொழுது, காந்தியடிகளின் விருப்பப்படி பந்தல்களை அணிசெய்தவர் அவரே. மூங்கிலையும் ஓலையையும் போன்ற கிராமத்துப் பொருள்களே அங்கே கலையாயின. ஹரிபுராவில் அவர் தீட்டிவைத்த உழவர், தச்சர், கொட்டு முழக்குவோர் முதலிய சித்திரங்கள் இன்றும் போற்றப்படுகின்றன. அபனீந்திரநாதரிடம் பயின்ற மற்றொருவரான தேவி பிரசாத ராய் சௌதுரி 1929 ஆம் ஆண்டில் சென்னைக் கலைப்பள்ளியின் தலைமையை ஏற்று, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அங்கே பணியாற்றினார். சென்னைக் கடற்கரையில் நாம் காணும் உழைப்பாளர் சிலையை வடித்தவர் அவர். ஜோராசாங்கோவின் தாழ்வாரத்திலிருந்து நம் கடற்கரைக்கும் ஒரு வழி இருக்கிறது.

நாடகமோ கடல் கடந்தும் சென்றது. 1942 ஆம் ஆண்டு ஜூலை மாதம் 18 ஆம் நாள், போலந்து நாட்டு வார்சா நகரில், நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த பகுதியில், டாக்டர் யானுஷ் கோர்ச்சாக் என்பவரின் அநாதை இல்லத்துக் குழந்தைகள் இந்நாடகத்தை நடித்தனர். மூன்று வாரங்களுக்குள் அக்குழந்தைகள் ஏறத்தாழ இருநூறு பேரும், அவர்களை விட்டுப் பிரிய மறுத்த அந்த மருத்துவரும், திரெப்ளிங்காக் கொலைக்களத்திற்குக் கொண்டுபோகப்பட்டனர். அங்கே பித்தளைக் கோலும் இல்லை, ஓவியரும் இல்லை. சன்னலைத் திறக்கும் அந்த நாடகம் மட்டுமே இருந்தது.

அன்று கட்டிய குடிசை நாடகம் முடிந்ததும் பிரிக்கப்பட்டது, அது இயற்கை. ஆனால் அபனீந்திரநாதரும் ககனேந்திரநாதரும் வாழ்ந்த 5 ஆம் எண் வீடே நிலைக்கவில்லை என்பதுதான் வருந்தத்தக்கது. குடும்பத்தின் நிலை தாழ்ந்து, வீடு கைமாறி, 1940 களில் இடிக்கப்பட்டது. இந்திய ஓவியம் மறுபடியும் தன்னைக் கண்டுகொண்ட தெற்குத் தாழ்வாரம் இன்று இல்லை. 6 ஆம் எண் வீடும் விசித்ரா வீடும் பிழைத்தன. கவிஞரின் நூற்றாண்டாகிய 1961 ஆம் ஆண்டில் அங்கே ஒரு பொருட்காட்சிச்சாலை ஏற்பட்டது. 1962 ஆம் ஆண்டில் ரவீந்திர பாரதி பல்கலைக்கழகம் தொடங்கியது. ஒரு மாளிகை காக்கப்பட்டதற்கும், அதனோடு இணைந்து நின்ற மற்றொன்று மறைந்ததற்கும் காரணம் கல்லின் வலிமை அன்று. யாருடைய பெயரை நாடு நினைவிற் கொண்டது என்பதே. கவிஞரை நினைத்தோம், அவர் வீட்டு ஓவியர்களை மறந்தோம்.

தாய்மண்ணை விட்டுத் தொலைவில் வாழ்வோர்க்குத் தபால் நிலையம் என்ற சொல்லே நெஞ்சைத் தொடுவது. பம்பாயிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் முற்காலத்தில் குடியேறிய நம்மவர்கள், ஊரிலிருந்து வரும் அஞ்சலட்டைக்காகத் தெருக்கோடியைப் பார்த்திருந்ததை நம்மிற் பலர் பெற்றோர் வாயால் கேட்டிருப்போம். அந்தக் காத்திருத்தலைக் காவியமாக்கிய இடம் ஜோராசாங்கோ. அடுத்த முறை அங்கே செல்லுங்கால், கவிஞரின் அறையைக் கண்டபின் விசித்ரா வீட்டிலும் சற்று நின்று பாருங்கள். இங்கே ஒரு கூரை வேயப்பட்டது, அதன் கீழே கிளியில்லாத ஒரு கோல் தொங்கியது என்று எண்ணிக்கொள்ளுங்கள். மற்றதை உங்கள் கற்பனை எழுப்பிக்கொள்ளும். அந்த ஓவியர்கள் நம்மிடம் எதிர்பார்த்ததும் அவ்வளவே.